ஜானட் வீட்டுத் தக்கை

ஜானட் தன் வீட்டுக் குளியல் தொட்டிக்குப் புதுத் தக்கை போட்ட நாளிலிருந்து, அதைப் பிடுங்கும்போதெல்லாம் திருவொற்றியூர்க் கடல் நாலடி இறங்கியது. முதல் தடவை நடந்தது இரண்டாயிரத்துப் பதினாறு ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு. தொட்டி காலியாக இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. கடலுக்கும் அதே இருபத்திரண்டு நிமிடம். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சேற்றில் இறங்கிக் கூடை கூடையாக நண்டு பொறுக்கினார்கள். ஜானட் தொட்டியைக் கழுவித் தக்கையைத் திரும்பச் செருகியதும் தண்ணீர் அவசரமில்லாமல் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் சந்தையில் நண்டு பாதி விலைக்குப் போயிற்று.

அது ஒரு கப்பல் தொட்டி. உடைத்துப் போட்ட பழைய சரக்குக் கப்பலின் கேப்டன் அறையில் இருந்து யானைக்கவுனி இரும்புக் கடைக்கு வந்ததை, ஜானட் குட்டி யானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவன் தாமஸுக்காகத்தான். தாமஸ் நீலமணி நிலக்கரிக் கப்பல்துறையில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டியவன். இரண்டாயிரத்துப் பதினான்கில் வின்ச்சின் கம்பிவடம் அறுந்து அவன் முதுகில் அடித்தது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வடம் இற்றுப்போய்விட்டது என்று அவன் அதற்கு முன்பே மூன்று முறை மேலே சொல்லியிருந்தான். துறையின் விபத்துப் பதிவேட்டில் அது ஏறவில்லை. 'ஊழியரின் கவனக்குறைவு' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார்கள். வெந்நீரில் ஒரு மணி நேரம் கிடத்தினால் மட்டும் தாமஸுக்கு வலி விட்டது. கால்விரல்கள் லேசாக அசைந்தன. ராயபுரம் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடிய பாட்டுகளை எல்லாம் தொட்டியில் படுத்தபடி வரிசையாகப் பாடுவான்.

இரண்டு வருடத்தில் பழைய ரப்பர் தக்கை ஊறிய ரொட்டி போல உதிர்ந்தது. ஜானட் துணியை அடைத்துப் பார்த்தாள், பையில் மணல் கட்டி வைத்துப் பார்த்தாள். எதுவும் பத்து நிமிடம் தாங்கவில்லை. தண்ணீர் இறங்கி முதுகில் காற்றுப் பட்டால் தாமஸ் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. டோல்கேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த திசையன்விளைக்காரர் பொன்ராஜ், அவள் நூல் பிடித்துக் கொண்டுவந்த அளவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"எக்கா, ஒன்றரை இஞ்ச் இருக்கு, ரெண்டு இஞ்ச் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுக்கு நான் எங்க போவேன்? பேசாம தொட்டிய மாத்திருங்க."

"தொட்டிய மாத்தச் சொல்றதுக்கு நீ இன்னாத்துக்குக் கடை வெச்சிகினு கீற?" என்றாள் ஜானட். "பித்தளையில ஒண்ணு கடைஞ்சு குடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

பொன்ராஜ் பக்கத்து லேத் பட்டறையில் சொல்லிப் பித்தளைத் தக்கை ஒன்று கடைந்து வாங்கிக் கொடுத்தார். ஜானட் தொட்டியின் ஓட்டையைச் சுற்றி ஏறியிருந்த பச்சைக் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தாள். நீலமணித் துறையின் மதில் ஓரத்தில், நிலக்கரி தூக்கித் தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட் துண்டுகளைக் குப்பையாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்துவந்து, மீன் வெட்டும் அரிவாள்மனையில் வளையமாக அறுத்துத் தக்கையின் கழுத்தில் மாட்டினாள். அழுத்தி ஒரு திருகு திருகிவிட்டு வெந்நீரை ஊற்றினாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தண்ணீர் ஒரு மயிரிழைகூட இறங்கியிருக்கவில்லை. தாமஸ் அன்று முழுதாக ஒரு மணி நேரம் பாடினான். அதற்குப் பிறகுதான் அவள் தக்கையைப் பிடுங்கியதும், கடல் இறங்கியதும்.

நீலமணித் துறைக்கு வந்த நிலக்கரிக் கப்பல்கள் தினமும் மாலையில் சேற்றில் உட்காரத் தொடங்கின. எங்கிருந்தோ நிபுணர்கள் வந்து கருவிகளை இறக்கி மூன்று மாதம் அளந்தார்கள். கடைசியில் துறையின் மேலாளர் சங்கரநாராயணன் நண்டு பொறுக்கும் பெண்களிடம் விசாரித்தார். அவர்கள் ஒளிக்காமல் வீட்டைக் காட்டினார்கள். சங்கரநாராயணன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எடுத்துடுங்கம்மா. நல்லதா ஷவர் வச்சுத் தரோம், உக்கார நாற்காலி தரோம். கப்பல் எல்லாம் நிக்கறது."

"நிக்கட்டும் சார். கப்பலுக்கு முதுகு வலிக்காது. என் வூட்டுக்காரருக்கு வலிக்கும்."

"சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

"எந்தச் சட்டத்துல கீது, சாயங்காலம் குளிக்கக் கூடாதுன்னு? போய்ப் படிச்சிட்டு வா சார்."

ஒரு வாரம் கழித்து, துறையின் ஆட்கள் நாலு பேர் தெருப்பக்கம் இருந்த கழிவுநீர்க் குழாயில் கான்கிரீட்டைக் கொட்டி அடைத்துவிட்டுப் போனார்கள். ஜானட் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். உள்ளே போனாள். தொட்டியில் அன்றைக்கு நிரப்பிய தண்ணீர், தக்கையைப் பிடுங்கியும் அப்படியே நின்றது. அதன்மேல் இன்னொரு குடம் வெந்நீர் ஊற்றித் தாமஸைப் படுக்கவைத்தாள். அன்று கடல் இறங்கவில்லை. ஒரு சாண் ஏறியது. மறுநாள் இரண்டு குடம் ஊற்றினாள். கடல் ஒரு முழம் ஏறியது. தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. நீலமணித் துறையின் மதிலுக்கு உள்ளே மட்டும் வந்தது. நிலக்கரிக் குவியல்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மேலாளர் அறையில் நாற்காலி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, அதில் கெளுத்தி மீன் ஓடியது.

"போதும் ஜானட்டு, பாவம், வுட்டுடு" என்றான் தாமஸ்.

"நீ பாட்டுப் பாடு. எனக்கு இன்னும் மூணு குடம் கீது."

ஐந்தாம் நாள் சங்கரநாராயணன் தோள் வரை நனைந்து, தானே ஒரு சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார். குழாயை உடைக்கக் குனிந்தவரிடமிருந்து ஜானட் உளியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் பணம் கேட்கவில்லை, ஷவரும் கேட்கவில்லை. விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னாள். சங்கரநாராயணன் திரும்பிப் போய், ஈரத்தில் உப்பிப்போயிருந்த அந்தத் தடித்த நோட்டைத் தூக்கிவந்தார். அது நடந்த காலத்தில் தான் இங்கே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். "இப்ப கீறல்ல?" என்றாள் அவள். 'ஊழியரின் கவனக்குறைவு' என்ற வரியை அடித்துவிட்டு, 'கம்பிவடம் இற்றிருந்தது. தாமஸ் மூன்று முறை எச்சரித்தும் நிர்வாகம் மாற்றவில்லை' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைச் சத்தமாகப் படிக்கவும் வைத்தாள். தாமஸ் கண்ணை மூடிக் கேட்டான். "இன்னொரு வாட்டி படி சார்" என்றான். அவர் மறுபடி படித்தார். தாமஸ் அழுததைத் தொட்டித் தண்ணீர் மறைத்துவிட்டது. ஜானட் மறைக்காமல் அழுதாள். பிறகு உளியை அவரிடம் திருப்பிக் கொடுத்து, குழாயைக் காட்டினாள்.

அதன்பின் துறை தன் வேலை நேரத்தை ஆறு நாற்பதுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டது. ஏழு வருடம் ஒரு தகராறும் இல்லை. இரண்டாயிரத்து இருபத்துமூன்று நவம்பரில், மழை விட்ட ஒரு நண்பகலில், மார்ச்சளி முற்றித் தாமஸ் இறந்துபோனான். ஜானட் எட்டு நாள் தொட்டிப் பக்கம் போகவில்லை. அந்த எட்டு நாளும் கடல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அலைகூட இல்லாமல் கண்ணாடி போலக் கிடந்தது. கட்டுமரக்காரர்கள் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டார்கள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் சங்கரநாராயணன் பூமாலையோடு வந்து தாமஸின் படத்துக்குப் போட்டார். பிறகு, இனிமேல் தொட்டிக்கு வேலை இருக்காதே என்று கேட்டார்.

ஜானட் எழுந்து அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினாள். "இத்தினி வருசம் அவுரு குளிச்சாரு. எனக்கும் முதுகுன்னு ஒண்ணு கீது சார். நீ கெளம்பு."

கதவைத் தாளிட்டுவிட்டு வெந்நீரை ஊற்றி இறங்கிப் படுத்தாள். ஆறு நாற்பது ஆயிற்று. ஏழு ஆயிற்று, ஏழரையும் ஆயிற்று. அவள் தக்கையைத் தொடவில்லை. துறைக்கு வெளியே ஒரு நிலக்கரிக் கப்பல் விளக்கைப் போட்டுக்கொண்டு, கடல் இறங்கித் திரும்ப ஏறட்டும் என்று காத்திருந்தது. அந்தக் கடலுக்குப் புதிதாக வந்திருந்த கேப்டன், ஏன் இன்னும் உள்ளே விடவில்லை என்று, கப்பலைத் துறைக்குள் கொண்டுவிட ஏறியிருந்த வழிகாட்டியிடம் கேட்டார்.

"ஜானட்டம்மா குளிச்சிகினு கீறாங்க சார்" என்றான் வழிகாட்டி.

கேப்டன் அதைக் கப்பலின் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.