கோப்பைக்காக அடுக்கிய இறைச்சி

பெட்டியைத் திறந்ததுமே சமையல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறைச்சி சாம்பலும் பச்சையுமாக நிறம் மாறி, மேலே கொழகொழவென்று ஏதோ படிந்து கிடந்தது. தொட்டால் விரலோடு ஒட்டி நூலாக வந்தது. போர்க்கப்பல் அடுப்படியில் பல வருஷம் குப்பை கொட்டியவன் அவன். சாக்கடை அடைப்பு, அழுகின முட்டைக்கோஸ், கடல் கொந்தளிக்கும் நாளில் ஆளுக்கு ஆள் எடுக்கும் வாந்தி என்று அவன் மூக்கு பார்க்காத நாற்றமில்லை. இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது.

இன்னொரு பெட்டியைத் திறந்தான். அதுவும் அதே லட்சணம்தான்.

இது யாருடைய கைங்கரியம் என்று யோசிக்கவே வேண்டாம். கப்பலின் ஸ்டோர் அதிகாரி அவனுடைய சொந்த அக்கா புருஷன். அரிசி மூட்டையிலிருந்து திருகாணி வரை கப்பலுக்குள் வரும் ஒவ்வொரு சாமானும் மச்சான் கண்ணில் பட்டுத்தான் கீழே இறங்கும். வேலை தெரியாதவர் என்றால்கூட மன்னித்துவிடலாம். குளிர் அறையில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கை நுழைகிற இடம் விட வேண்டும், அப்போதுதான் குளிர்காற்று சுற்றி வரும் என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பதே அவர்தான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கோப்பையால் வந்த வினை. ஸ்டோரை ஒழுங்காக வைத்திருக்கும் கப்பலுக்கு வருஷா வருஷம் ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. போன தடவை அது நூலிழையில் வேறொரு கப்பலுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மச்சானுக்கு அதே நினைப்பு. கோப்பை வந்தால் தோளில் இன்னொரு பட்டை ஏறும். அக்காவும் தெரிந்தவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளைக்கு முன், நடுக்கடலில் சரக்குக் கப்பல் பக்கத்திலேயே ஓடி வர, இரண்டுக்கும் நடுவே கட்டிய கயிற்றில் ஆடி ஆடி வந்து இறங்கின இறைச்சிப் பெட்டிகள். வந்த வேகத்தில் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் குளிர் அறைக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்காகக் கேப்டனைத் தவிர மற்ற எல்லோரும் ஏணிப்படி நெடுக வரிசையாக நிற்பார்கள். மச்சான் அந்த வரிசையை நிறுத்தினார். பெட்டிகளை மேல்தளத்து வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் பளிச்சென்று துடைக்கச் சொன்னார். பிறகு லேபிள் எல்லாம் வாசலைப் பார்க்கிற மாதிரி, தரையிலிருந்து கூரை வரை நெருக்கி அடுக்க வைத்தார். கத்தி முனைகூட நுழையாது. பார்க்க மதில் கட்டினது போல அழகாகத்தான் இருந்தது.

"காத்து போக வழியே விடலையே மச்சான்?" என்று அன்றைக்கே கேட்டான் சமையல்காரன்.

"காத்து வாங்க இது என்ன பீச்சா? ரெண்டு நாள்ல கோப்பை இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிடும். அப்புறம் பிரிச்சு அடுக்கிக்கலாம். அதுவரைக்கும் இதுல கை வெக்காதே. டின்னுல இருக்கறதைப் போட்டு சமாளி."

இன்ஸ்பெக்‌ஷன் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. வாசலருகே தொங்கிய தெர்மாமீட்டர் மட்டும் நல்ல பிள்ளை மாதிரி சரியான குளிரைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்று காலை ஸ்டோரைப் பார்வையிட அட்மிரல் வருகிறார் என்று தகவல் வந்ததும், மதியம் எல்லோருக்கும் இறைச்சிக் குழம்பு என்று உத்தரவாயிற்று. முன்வரிசையை இறக்கி, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, முன்வரிசையை மறுபடி அப்படியே நிறுத்திவிடச் சொன்னார் மச்சான். அப்படி உள்ளேயிருந்து எடுத்ததுதான் இந்த அசிங்கம்.

சமையல்காரன் ஆள் அனுப்பி அவரை அடுப்படிக்கு வரவழைத்தான்.

மச்சான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முகத்தில் ஒரு கணம் பயம் தெரிந்தது. அதற்குள் அதிகாரிக் குரல் வந்துவிட்டது.

"வினிகர்ல கழுவு. நல்லா வேக வை. காரத்தைத் தூக்கலா போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

"இருநூறு பேர் சாப்பிடணும் மச்சான்!"

"கத்தாதே மாப்ளே. அட்மிரலுக்கும் கேப்டனுக்கும் நல்ல டின் மீனா தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

அதைச் சொல்லும்போது அந்த மனுஷனுக்கு வாய் கூசவில்லை. இறைச்சியைவிட இவர்தான் அதிகம் நாறுவதாக சமையல்காரனுக்குத் தோன்றியது.

"நான் கேப்டன்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லேன். என் பட்டையைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்பே?"

அங்கேதான் அடி விழுந்தது. தாயில்லாத பிள்ளை என்று இடுப்பில் வைத்து அவனை வளர்த்தவள் அக்கா. அவள் குடியில் தன் கையால் மண் போடுவதா? அவன் இறைச்சியைக் கழுவினான். வேக வைத்தான். வெந்த நாற்றம் பச்சை நாற்றத்தைவிட மோசமாக இருந்தது. காரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதே தவிர, அதை மறைக்கவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கப்பலில் எந்தச் சாப்பாட்டையும் ஸ்டோர் அதிகாரி எல்லோர் முன்னாலும் ருசி பார்த்து, பரிமாறலாம் என்று சொன்ன பிறகே கரண்டி பானைக்குள் இறங்கும். மனுஷப் பிறவி எவனும் இதை விழுங்க மாட்டான். வாயில் வைத்ததும் துப்புவார், அதோடு கதை முடிந்துவிடும், காட்டிக்கொடுத்த பாவமும் நமக்கு வேண்டாம் என்று கணக்குப் போட்டான். பெரிய துண்டாகப் பார்த்துத் தட்டில் வைத்தான்.

தட்டேந்திய வரிசை பசியோடு பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் துண்டை வாயில் போட்டு மென்றார். கண் கலங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. துப்புங்க, துப்பித் தொலைங்க என்று சமையல்காரன் மனசுக்குள் கெஞ்சினான். மச்சான் விழுங்கினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவும் சிரித்தார்.

"பிரமாதம். பரிமாறு."

அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றான் சமையல்காரன். ஒரு பட்டைக்காக இதைத் தின்கிறவர், அதை இருநூறு பேர் வாயில் திணிக்கவா யோசிப்பார்? இந்த ஆளோடு ஒரே வீட்டில், ஒரே பந்தியில் எத்தனை தடவை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தான்.

உதவியாளைக் கூப்பிட்டுப் பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கடலில் கவிழ்த்தான். பசித்தவர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். திட்டிவிட்டுப் போகட்டும். அவன் நேராகக் குளிர் அறைக்கு இறங்கினான். அங்கே அட்மிரல் பெட்டி மதிலைப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேப்டனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மச்சானைக் காணோம்.

"மன்னிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு, முன்வரிசையைச் சரித்துக் கீழே தள்ளி, உள்ளேயிருந்த ஒரு பெட்டியைப் பிளந்தான். அட்மிரல் வெள்ளை உடுப்போடு ஏணிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கேப்டன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குமட்டினார்.

சாயங்காலம் மருத்துவ அறைக்குப் போனான். போகப் பிடிக்கவில்லைதான். அக்காவுக்காகப் போனான். மச்சான் சுருண்டு படுத்திருந்தார். முகம் காலையில் பார்த்த இறைச்சியின் நிறத்தில் இருந்தது. விளிம்பு வரை வாந்தி நிறைந்த பேசினை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

யாராவது சாப்பிட்டார்களா, யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று கேட்பார் என்று அவன் காத்திருந்தான்.

மச்சான் மெல்லக் கண்ணைத் திறந்தார். "மாப்ளே, கோப்பை நமக்குத்தானே?"

சமையல்காரன் பேசினைப் பார்த்தான்.

"கையிலதானே வெச்சிருக்கீங்க மச்சான். சிந்தாம பிடிச்சுக்கங்க."