முதல் விண்ணப்பதாரர்

"சாப்பிட்டுட்டுப் போடு, இல்ல போட்டுட்டுச் சாப்பிடு. வக்கீல் இப்ப வந்திருவாரு," என்றார் மாடசாமி.

அவல் போஹா தட்டுக்குப் பக்கத்தில் பத்திரம் கிடந்தது. சாங்வி பகுதியில் உள்ள இந்த வீட்டில் தனக்குள்ள பாதி உரிமையை, அன்பின் காரணமாக, அண்ணன் தினேஷுக்கு விட்டுக்கொடுப்பதாகக் கீர்த்தி கையெழுத்திட வேண்டும். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

வீடு வாங்கும்போது மாடசாமி வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். தினேஷுக்கு நிலையான வருமானம் இல்லை. கீர்த்திக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் மாதச் சம்பளம். பெண்ணை முதல் விண்ணப்பதாரராகக் காட்டினால் வட்டியும் கொஞ்சம் குறையும் என்று வங்கியில் சொன்னார்கள். அண்ணன் பெயர் இரண்டாவதாகச் சேர்ந்தது. கடன் கிடைத்த அன்று, "எம்மவ பேருல வீடு" என்று மாடசாமி மாடி மாடியாகப் போய்ப் பேடா கொடுத்தார். அன்று முதல் மாதத் தவணை, அவர்கள் வாயில் ஹப்தா, அவள் சம்பளக் கணக்கிலிருந்துதான் போகிறது. வாசல் பெயர்ப்பலகையில் மட்டும் அப்பாவும் அண்ணனும்.

"நாளைக்கு மாப்பிள்ளை பங்கு கேட்டா? உங்க அத்தைமாரு ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்தாளுவ."

"போடுதேன்ப்பா. ஹப்தாவையும் அண்ணன் பேருக்கு மாத்திருங்க. ஒரே நாள்ல ரெண்டுலயும் போடுதேன்."

தினேஷ் செல்போனைக் கீழே வைத்தான். "அரே, அது அவ்வளவு ஈஸி இல்ல. பேங்க் ஒத்துக்காது."

"கேட்டியா?"

அவன் அப்பாவைப் பார்த்தான்.

மகளைச் சமாதானப்படுத்தத்தான் ருக்மிணி வாயைத் திறந்தாள். "ரெண்டு பேரும் போன வாரமே போய்க் கேட்டுட்டு வந்துட்டாங்கட்டி. இவன் கார்டு பாக்கியக் கட்டாம விட்டதுல, கடன இவன் பேருக்கு மட்டும் மாத்த மாட்டாங்களாம். பத்திரத்துல உம்பேரு போனாலும் கடன்ல இருக்குமாம். மாப்பிள்ளை நல்ல மனுசன். உன் சம்பளத்தக் கேக்க மாட்டாரு."

அப்பாவுக்கு வங்கி விவரம் தெரியாது, தெரியாமல்தான் கேட்கிறார் என்று கீர்த்தி நம்பியிருந்தாள். அவர் மனம் நோகாமல் எப்படி எடுத்துச் சொல்வது என்று வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தாள். எதுவும் தேவைப்படவில்லை.

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"கல்யாண நேரத்துல உனக்கு எதுக்கு டென்ஷன்னுதான்..."

"பேங்க்காரன் மாதிரி கேக்காத," என்றான் தினேஷ். "வீட்டு ஆளா பேசு."

"என்னைய வீட்டு ஆளுன்னு பேங்க்லதானண்ணே எழுதி வச்சிருக்காங்க."

அழைப்பு மணி அடித்தது. யாரும் எழவில்லை. கீர்த்தி பேனாவை மூடி அப்பாவின் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். இன்று கையெழுத்து இல்லை என்று வக்கீலிடம் மராத்தியில் சொன்னாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், என் வீட்டில் போஹா சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

'என் வீட்டில்' என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. மாடசாமிதான் எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு விலகி நின்றார்.