ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து போக்குக் காட்டிக்கொண்டிருந்த வானம் அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. நகரசபைக் கூட்ட அறையில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. குறைந்த சந்தாவில் மருத்துவக் காப்பீடு என்னும் அரசின் புதிய திட்டத்தை மக்களுக்கு விளக்கவும், அவர்களுடைய கருத்தைக் கேட்கவும் ஓர் அதிகாரி வந்திருந்தார். விளக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கருத்துக் கேட்பது அவருக்கு இதுவே முதல் முறை.

மூன்றாம் வரிசையின் ஓரத்தில் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். மூத்த மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் தெரு முழுவதற்கும் அவள் மூத்தவள்தான். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை இழுக்கும் மோட்டார் கடைசி மாடிக்கும் மேலே இருக்கும். லிஃப்ட் பழுதானால் அங்கே படியேறித்தான் போக வேண்டும். புத்தாண்டு பிறந்ததிலிருந்து அவரால் முதல் மாடியையே தாண்ட முடியவில்லை. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, ஆகஸ்டுக்குள் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருத்துவமனையில் சொன்ன தொகையைக் கேட்டு, "இதுக்கு ஒரு புது லிஃப்டே மாட்டிரலாம்" என்று சொன்னதோடு கணவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மூத்தவள் விடவில்லை.

அதிகாரி விளக்கி முடித்ததும் முடிதிருத்துபவர் எழுந்தார்.

"சார், வருஷம் பூரா ஒரு நோயும் வரலைன்னா கட்டின சந்தா திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப நல்லா இருந்தா நஷ்டம்."

அதிகாரி அதை மறுக்க ஒரு வாக்கியம் தேடினார். அது கிடைப்பதற்குள், இதுநாள்வரை ஆரோக்கியமாக இருந்த பலர் தாங்கள் ஏமாற்றப்பட்டுவிட்டதாக உணரத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் தம் சம்பந்தியையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்க்க முடியாது என்றதும், "நல்லதாப் போச்சு. அத அப்படியே எழுதிக் குடுத்துருங்க, வீட்டுல காட்டணும்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், திட்டமே கண்துடைப்பு என்றது. இதே குரல் பிறகு விண்ணப்பம் கொடுக்கும் வரிசையில் முதலாவதாக நின்றது.

மூத்தவள் ஒன்றைத்தான் கேட்டாள். "குடும்பம்னா யாரு யாருங்க?"

அதிகாரி விதியைப் படித்தார். ஓர் அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் வருமானம் வரம்புக்குள் இருந்தால்தான் காப்பீடு.

மூத்தவளுக்கு மூச்சு வந்தது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டிலுள்ளவர்களின் சம்பளத்தையெல்லாம் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும்; பிரித்தால் தாண்டாது. அந்த வீட்டிலோ இரண்டு வருடமாக இரண்டு அடுப்பு. அவளுக்கும் ஓரகத்திக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீளமான சமையலறையின் நடுவே ஓர் இரும்பு பீரோ நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் மூத்தவள், அந்தப் பக்கம் இளையவள். அந்தச் சண்டையால் ஒரு நன்மை விளையும் என்று அன்றுவரை யாரும் எதிர்பார்த்ததில்லை.

விதியைத் தெருவே கேட்டிருந்தது என்பதுதான் சிக்கல்.

அடுத்த வாரமே அடுப்புக் கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது. பிரிவதற்கு வசதி இல்லாதவர்களுக்கு, ஆய்வு நடக்கும் நாளில் மட்டும் கடைக்காரர் அடுப்பை வாடகைக்குக் கொடுத்தார். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த தையற்காரரும் மனைவியும், கூடத்தில் ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாக இரண்டு அடுப்பு வைத்துத் தனித்தனிக் குடும்பமானார்கள். சாப்பாட்டு வேளையில் மட்டும் அவர்களுக்கு அது மறந்துபோயிற்று.

ஆய்வுக்கு வந்தவர் பொறுமைசாலி. ஆனாலும், மூலையில் எனாமல் பெயர்ந்த நீல அடுப்பு ஒன்றை ஒரே தெருவில் நான்கு வீடுகளில் பார்த்த பிறகு அவர் அடுப்புகளை நம்புவதை நிறுத்திவிட்டார். அப்படி நிறுத்திய மறுநாள் காலையில்தான் முன்னறிவிப்பின்றி மூத்தவளின் வீட்டுக்கு வந்தார்.

மூத்தவள் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, இரண்டு வருடச் சண்டையை அடக்கமாக விவரித்தாள். அடுப்பில் பால் இருந்தது அவள் நினைவில் இல்லை. ஆய்வாளர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சமையலறை நன்றாகத் தெரிந்தது. பால் விளிம்புக்கு ஏறியது. பீரோவுக்கு அப்பாலிருந்து, காதுக்கும் தோளுக்கும் இடையே போனை இடுக்கிப் பேசியபடி இளையவள் வந்தாள். மூத்தவளின் அடுப்பை அணைத்தாள். பேச்சை நிறுத்தாமலே தன் பக்கம் திரும்பிப்போனாள். தான் வந்ததையே அவள் அறிந்திருக்கவில்லை.

ஆய்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பத்து நாளில் கடிதம் வந்தது. "அடுப்பு இரண்டு, கவனிப்பு ஒன்று. எனவே ஒரே குடும்பம். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

கடிதத்தைப் படித்த மைத்துனர், அண்ணியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். மாணவருக்கு ஒன்று, தமக்கு ஒன்று என அவருடைய காரில் இரண்டு பிரேக் உண்டு. அதனால் அவருக்குத் தெருவில் ரெட்டை பிரேக் என்று பெயர். வீட்டிலும் அவர் வேலை ஏறக்குறைய அதுவே.

"அண்ணி, அவ ரொம்ப வருத்தப்படறா."

"எதுக்கு வருத்தப்படணும்? பொங்கினா பொங்கட்டும்னு விட வேண்டியதுதானே. சொல்லிருங்க தம்பி."

பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "விட்டிருந்தா மட்டும் சும்மா இருந்திருப்பாங்களான்னு கேளுங்க."

"கேட்டுச்சா அண்ணி?"

"கேக்கலைன்னு சொல்லிருங்க."

மூத்தவள் செய்த மேல்முறையீட்டின் விசாரணை ஜூன் மாதம் நான்காம் தேதி, நான்காம் மாடியில். விண்ணப்பதாரரான மூத்தவளின் கணவரும் வீட்டில் உள்ள மற்றவர்களும் நேரில் வர வேண்டும் என்று ஆணை. நால்வரும் பயிற்சிப் பள்ளியின் காரில் போய் இறங்கினார்கள். லிஃப்டின் கதவில், பழுதுபார்க்கும் வேலை நடைபெறுகிறது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. மூத்தவளின் கணவர் அந்த அட்டையையும், ஆளே இல்லாத நடைக்கூடத்தையும் பார்த்தார்.

"யாரு நடத்துறா?" என்றார்.

பிறகு முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். தம்பி அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"வேணாம்டா."

"ஏறுங்கண்ணே. டயமாகுது."

பெண்கள் இருவரும் இரண்டு பக்கமும் அவருடைய செருப்பை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருப்பங்களில் அண்ணன், "மெல்லடா, உனக்குத்தான் ரெண்டு பிரேக் இருக்கே" என்றார். நான்காம் மாடிக்கு வந்ததும் மூத்தவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இறக்கி விட்டுருங்க தம்பி. அதிகாரி பாத்தா எல்லாம் போச்சு."

"பாத்துட்டேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நரைத்த கூந்தலை இறுக முடிந்த ஓர் அம்மாள் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "கீழேருந்து உங்க பின்னாடிதான் வரேன். வழி விடல நீங்க."

அறைக்குள் அவர் விசாரணை அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், விண்ணப்பக் கோப்பைத் திறந்தார், பாலைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டை."

"ஆமாங்கம்மா" என்றாள் மூத்தவள்.

"பால் பொங்கினா இவங்க உங்க அடுப்பை அணைக்கறாங்க. இவங்க வீட்டுக்காரர் உங்க வீட்டுக்காரரைச் சுமக்கறார். சண்டை எதுக்கு?"

மூத்தவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரைப் பார்த்தாள். படியேறாமலே வந்திருந்தும் அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. சொன்னாள்.

"சர்க்கரைக்குங்கம்மா. விருந்தாளிங்க வந்திருந்தாங்க. டீ குடுக்கறப்ப இவ அவங்ககிட்ட, இந்த வீட்டுல ஒரு கரண்டி சர்க்கரைன்னாகூட அக்காகிட்டதான் கேக்கணும்னு சொன்னா. மறுநாளே ஒரு டப்பா சர்க்கரை வாங்கி இவ முன்னாடி வச்சேன். அதுக்கு மறுநாள் இவ அடுப்பு வாங்கிட்டா."

"பூட்டி வச்சீங்க, சொன்னேன்" என்றாள் இளையவள். இரண்டு வருடத்தில் மூத்தவளை நோக்கி அவள் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. "பீரோவுல வச்சுப் பூட்டினீங்களா இல்லையா?"

"எறும்பு வந்துச்சு."

"எறும்புக்குப் பூட்டு எதுக்குக்கா?"

இந்தக் கேள்விக்கு மூத்தவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தாள்.

"என்ன முறைக்கற? டாக்டர் சர்க்கரையே கூடாதுன்ன மனுஷன், யாரும் இல்லாத நேரமாப் பாத்து டப்பாவத் திறந்து அள்ளி அள்ளித் திங்கறாரு. கேட்டா, அவகிட்ட சொல்லிராதீங்க அண்ணின்னு கெஞ்சறாரு. நான் என்ன பண்ண? உன்கிட்ட சொன்னா நீ அவர வாங்கு வாங்குன்னு வாங்குவ. அதான் பூட்டினேன்."

எல்லோரும் ரெட்டை பிரேக்கைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பூட்டினீங்கன்னுதானே நான் என் பக்கம் டப்பாவ வெளியவே வச்சேன்" என்றாள் இளையவள் மெதுவாக. "ரெண்டு வருஷமா."

"அதத்தான் நானும் அந்தப் பக்கத்துலேருந்து பாத்துட்டிருந்தேன். பேச்சுவார்த்தை இல்லியே, எப்படிச் சொல்றது?"

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எதுக்குக்கா தனியா அடுப்பு வாங்கப்போறேன்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்த அறை நினைவுக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவளின் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மூத்தவள் தன் கையிலிருந்த செருப்பை அப்போதுதான் கீழே வைத்தாள். எல்லாம் கெட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இளையவளின் முழங்கையைத் தொட்டு, "விடு" என்றாள்.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். ஒரு சொல்லை அடித்து, வேறு சொல்லைப் போட்டார்.

"மூணு மாசமா எங்கிட்ட பொய்ச் சண்டையா வருது" என்றார். "கணவன் மனைவியெல்லாம் பிரிஞ்சு வந்து, வெளியில போய் ஒரே பொட்டலத்தப் பிரிச்சுச் சாப்பிடறாங்க. அடுப்பு வாடகைக்குக் கிடைக்குது. இந்த மாதிரிச் சண்டை கிடைக்காது."

"இப்பத்தான் அது தீந்துபோச்சேம்மா" என்றார் மூத்தவளின் கணவர். உண்மையை அப்படியே சொல்லிவிடுவது அவருடைய பழைய வழக்கம்.

"என்னங்க" என்றாள் மூத்தவள்.

"தீந்தது இன்னைக்கு. விண்ணப்பம் மார்ச்சுல குடுத்தது. மார்ச்சுல இது உயிரோட இருந்துச்சு. எனக்கு அது போதும்." அதிகாரி தாளைக் கையிலெடுத்து உரக்கப் படித்தார். "அடுப்பு தனி, உலை தனி. பால் பொங்கும்போது அடுப்பை அணைப்பது தீ விபத்தைத் தடுப்பது. குடும்பத்துக்கு அத்தாட்சி ஆகாது. அண்ணனைத் தம்பி சுமப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. எனவே இரண்டு குடும்பம். மூத்தவர் குடும்பத்துக்குக் காப்பீடு உண்டு. அறுவை சிகிச்சைக்கு இன்று முதல் பொருந்தும்."

மூத்தவளுக்கு எழுந்து நிற்பதா உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியவில்லை. பாதி எழுந்த நிலையில் நின்றாள்.

"ஒரு நிபந்தனை. காப்பீட்டுக் காலம் முடியறவரைக்கும் ரெண்டு அடுப்பும் தனித்தனியா எரியணும். ஆள் வந்து பாப்பாங்க. சேந்து சமைக்கணும்னா அடுத்த மார்ச்சுக்கு மேல சேந்துக்குங்க."

"பீரோவ நகத்தலாமாம்மா?" என்று கேட்டாள் இளையவள்.

"நகத்தக் கூடாது."

"பேசலாமா?" என்றாள் மூத்தவள்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். விதியை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார்.

"பேச்சப் பத்தி ஒண்ணும் போடல."

கையெழுத்திட்டு, தேதி இட்டு, முத்திரையை ஊதிக் காயவைத்து, தாளை மேசைக்கு இந்தப் பக்கமாக நீட்டினார். மூத்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.