நானோ மாப்பிள்ளை

குகநாதனுக்கு இரண்டு ஒவ்வாமை. ஒன்று நிலக்கடலை, தின்றால் முகம் வீங்கும். மற்றது, யாழ்ப்பாணத்து வழி வராத மாப்பிள்ளை, பேச்செடுத்தாலே வீங்கும். முதலாவதற்கு அவர் மகள் சுகந்தினி ஆய்வுக்கூடத்தில் மருந்து தேடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது காளிதாசனின் தலைவலி. அவன் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கூலிம் ஹைடெக் பூங்காவில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். சுகந்தினி இல்லாமல் வாழும் உத்தேசமே அவனுக்கு இல்லை.

ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் அவள் தன் வேலையை விளக்கினாள்.

“கடலைப் புரதத்த அப்படியே குடுத்தா எலியோட உடம்பு சண்டைக்கு வந்துரும். அதையே கண்ணுக்குத் தெரியாத நானோ துகளுக்குள்ள வச்சு அனுப்புனா, ஈரல் பிடிச்சுப் பார்த்துட்டு, ‘விடு, இது நம்ம ஆளுதான்’னு மத்த செல்லுக்கெல்லாம் சொல்லிரும். அப்புறம் கடலையே நேரா போனாலும் கண்டுக்காது.”

காளிதாசன் மெல்லுவதை நிறுத்தினான். “அப்ப உங்க வீட்டுல ஈரல் யாரு?”

“அம்மாதான் லா. ஏன்?”

ஏன் என்பது அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போட்ட ஒருவன் வாசலில் டுரியான் பழத்தை வைத்து, சுகந்தினியின் அம்மா இராசம்மாவிடம், “சுகந்தினி கூட்டாளி, ஆன்ட்டி” என்று முனகிவிட்டு ஓடினான். அடுத்த முறை ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் தூக்கினான். பிறகு ஹெல்மெட்டையே கழற்றி, ஓடாத தண்ணீர் பம்ப்பை ஓட வைத்தான். “நல்ல பொடியனப்பா, விடுங்கோ” என்று இராசம்மா கணவரிடம் சொல்ல, ஈரல் வேலை செய்தது. தேநீர் வந்தது, சோறு வந்தது, கடைசியில் கறியில் மீன் தலையே அவனுக்கு வந்தது. குகநாதன் உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை.

சுகந்தினிதான் அவனைத் தனியே இழுத்துப் போய் எச்சரித்தாள். “போதும் காளி. டோஸ் கூடுது.”

“மருந்து புடிக்கிற நேரத்துல நிறுத்தச் சொல்றியே!”

பெண் கேட்கத் துணிந்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். வாயைத் திறப்பதற்குள் குகநாதன் அவன் தோளை அணைத்துக்கொண்டார்.

“நல்ல நேரத்தில வந்தீர், தம்பி. ஒரு டொக்டர் பொடியன்ர ஆக்கள் அடுத்த கிழமை சுகந்தினியைப் பார்க்க வருகினம். எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. கலியாணத்தில மாப்பிள்ளையின்ர காலைக் கழுவ அவளுக்கு ஒரு தமையன் வேணுமெல்லோ? அது நீர்தான். நீர் எங்கட வீட்டுப் பிள்ளை.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்நியன் என்ற பகை போனது சரி. அந்த வீடு அவனைத் தன் கை கால் போலவே எடுத்துக்கொண்டுவிட்டதே! சொந்தக் கைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கதவோரம் நின்ற சுகந்தினியின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு நானோவாவது மண்ணாவது என்றாகிவிட்டது.

“அங்கிள், நான் கால் கழுவி விட வரல. கழுவிக்க வந்தேன்.”

குகநாதனின் முகம் சிவந்தது. காது சிவந்தது. கழுத்தைப் பரபரவென்று சொறிந்தார். இராசம்மா தண்ணீரோடு ஓடிவந்தார். குகநாதன் மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப இவரின்ர காலைக் கழுவ நான் ஆரைத் தேடுறது?”