முந்தி வரும் சிரிப்பு

1

இந்தக் கதைக்குள் நோய்தான் முதலில் வந்தது. விண்கப்பல் பிறகு வந்தது, குளச்சல் கடற்கரை கடைசியில். வேற்றுலக அதிகாரி ஒருவருக்கு உணர்ச்சி முந்தி வருகிறது, காரணம் பிந்தி. காலையில் சிரிப்பார், சிரிக்க வேண்டியது சாயங்காலம் நடக்கும். இது தோன்றியதும் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

முதல் வரி: 1934 ஆடியில் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு

(விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்கினால் போதும்.)

2

நர்ஸ் இசபெல் அதிகாரியின் நோய் வரலாறு எழுதினாள். தோல்: நீலம். நாடி: அடங்காதது. வேலை: கப்பல் அதிகாரி, நீக்கப்பட்டவர்.

"எதுக்கு நீக்குனாங்க?"

"ஆபத்து வருமுன் நடுங்கினேன். கோழை என்றார்கள். வந்தபோது சும்மா இருந்தேன். கல்நெஞ்சன் என்றார்கள்."

(அவருக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.)

3

அவர் சிரித்த நாளெல்லாம் வலை நிறைந்ததைக் கரை கவனித்துவிட்டது. மீனைப் பங்கு பிரிக்கையில் கோயிலுக்கு ஒன்று, ஆப்பீசருக்கு ஒன்று என்றானது. இசபெலின் அண்ணன் ததேயுஸ் விடிந்ததும் ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்பான்.

"ஆப்பீசரே, இன்னைக்கு சிரிப்பு உண்டுமா?"

மீன் விற்கும் விக்டோரியாவுக்கு வேறு கவலை. "ஏட்டி இசபெல், ஒனக்க நோயாளிய சொகமாக்கிப் போடாத. நாங்க பட்டினி கெடப்போம்!"

ஒன்றை எல்லோரும் மறந்தார்கள். அது அவருடைய சிரிப்பு. சாயங்காலம் தன் தட்டுக்கு வரப்போகும் மீனுக்காகச் சிரித்தார், கரைக்காக அல்ல.

4

அன்றும் சிரித்தார். ததேயுஸ் கட்டுமரத்தைத் தள்ளினான். மதியம் காற்று மாறியது. அதிகாரி கட்டில் குலுங்க அழத் தொடங்கினார்.

"எங்க அண்ணனுக்கா அழுவுதீங்க?"

"காரணம் இன்னும் வரவில்லை, அம்மா."

இசபெல் கடற்கரைக்கு ஓடினாள். எல்லா மரமும் கரையேறியிருந்தது. ததேயுஸின் மரம் இல்லை.

5

முடிவு அ: ததேயுஸ் திரும்பவில்லை. (எழுதினேன். இசபெலின் முகத்தைப் பார்த்து அழித்தேன்.)

முடிவு ஆ: அதிகாரியை அழைத்துப்போக அவருடைய கப்பல் வருகிறது. அழுகை இந்தக் கரையைப் பிரிவதற்கு. (எனக்கு வசதி. அவளுக்கும்.)

முடிவு இ:

அதற்குள் அதிகாரி ஆஸ்பத்திரி வேட்டியோடு மணலில் ஓடிவருகிறார். அழுகிறார், சிரிக்கிறார், இரண்டும் ஒன்றாக! இந்த நோயில் இதுவரை காணாத அறிகுறி. இசபெல் அவர் கைகளைப் பிடித்துக்கொள்கிறாள்.

"பாருட்டி! அங்க, அங்க!" விக்டோரியா கத்துகிறாள்.

கடலும் வானமும் சேருமிடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கட்டுமரமா, கப்பலா?

"அண்ணனாட்டி?"

"பொறு, வரட்டு!"

புள்ளி பெரிதாகிறது. நான் இதற்கு மேல் ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. காரணம் உங்களிடம் வந்து சேர்ந்தால், இசபெலுக்குச் சொல்லிவிடுங்கள்.