அனிபாலுக்குக் காய்ச்சல்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய வால் த கொர்சாஸ் ஊரே குவால்த்தரின் காப்பிக்கடையில் கூடிவிட்டது. ஊரில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டி அங்கேதான் இருந்தது. ஆப்பிரிக்காவில் சண்டை போடும் நம் பையன்கள் வரிசையாக வந்து வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்லும் நிகழ்ச்சி. ஆளுக்குப் பத்து விநாடி. பெயர், வாழ்த்து, 'நல்லா இருக்கேன்', அவ்வளவுதான். அதற்குள் அடுத்தவன் வந்து நிற்பான்.

முன்வரிசை நாற்காலி பெல்மிரோவுக்கு. அரசாங்கம் நியமித்த மணியக்காரர் ஆயிற்றே! படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலை மாதா கோவில் கதவில் ஒட்டுவது அவர்தான். பையன்களை நகரத்துக்கு உடற்சோதனைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். சண்டை தொடங்கிய வருஷம் பதினொரு பேர் தேறி, தொப்பியில் சிவப்பு நாடா குத்திக்கொண்டு, அக்கார்டியன் முழங்க ஊர் திரும்பினார்கள். பெல்மிரோ கைக்காசைப் போட்டு வாணம் விட்டார். சிவப்பு நாடா கிடைக்காதவனுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் அது.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. போன கோடையில் நாடா குத்திக்கொண்டவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் ஆள் எடுப்புக்குத் தப்பி, எல்லை தாண்டி பிரான்ஸில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள். அக்கார்டியன்காரன் முதுகுவலி என்று கழன்றுகொண்டான். பெல்மிரோ மட்டும் விடாப்பிடியாக வாணம் விட்டார். அதற்கு நாய்கள்தான் பதில் சொல்லின.

நிகழ்ச்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தலையிலிருந்து கால்வரை கறுப்பில் தியோலிந்தா வந்து நின்றாள். விதவை. மூத்த மகன் செஃபெரினோ ஆப்பிரிக்காவில், கினிக் காட்டில் செத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சவப்பெட்டி இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தவன் இளையவன் அனிபால். அவனுக்கும் வயது வந்துவிட்டது, வரும் கோடையில் பட்டியலில் அவன் பெயரும் ஏறும்.

"இங்க எதுக்கும்மா வந்தே?" என்று பெல்மிரோ எழுந்தார். "துக்க வீட்டுக்காரி காப்பிக்கடையில வந்து உக்காரலாமா? வா, வீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

"தொப்பியக் கழட்டுங்க, மணியக்காரரே. மறைக்குது."

"தியோலிந்தா..."

"அக்டோபர்ல படம் புடிச்சாங்களாம். கிறிஸ்துமஸுக்குப் பெட்டியில வருவேன், பாரும்மான்னு எழுதியிருந்தான். சின்னவன் படிச்சுச் சொன்னான். என் புள்ளையப் பாக்க வந்திருக்கேன். உக்காருங்க."

பெல்மிரோ தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு யாரும் காப்பியைத் தொடவில்லை. முப்பது நாற்பது முகங்கள் வந்து போயின. பிறகு அவன் வந்தான். மழித்த தலை, வெயிலில் கருத்து, முன்னைவிட மெலிந்து இருந்தான். ஒப்பித்ததை மறந்துவிடுவோமோ என்ற பயம் கண்ணில் தெரிந்தது.

"நான் செஃபெரினோ. அம்மாவுக்கும் தம்பி அனிபாலுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. நான் நல்லா இருக்கேன். திரும்பி வர்ற வரைக்கும் வணக்கம்."

அடுத்தவன் வந்துவிட்டான்.

"இன்னொரு தடவ போடு, குவால்த்தரு," என்றாள் தியோலிந்தா.

"அது நம்ம கையில இல்லக்கா. லிஸ்பன்லேர்ந்து வருது."

"ஒரே ஒரு தடவடா."

அவ்வளவு பெரிய உடம்புக்காரன் குவால்த்தர், துடைக்கிற துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெட்டியில் இப்போது கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் வந்து, வீரர்களின் பின்னால் நாடே நிற்கிறது என்று பேச ஆரம்பித்தார். குவால்த்தர் போய்க் குமிழைத் திருகி அணைத்துவிட்டான். அரசாங்கம் பேசும்போது அதன் வாயை மூடுவதா? நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் ஆளைத் தூக்கி உள்ளே வைத்திருப்பார்கள். எல்லாரும் மணியக்காரரைப் பார்த்தார்கள்.

"நாம அவரு பின்னால நிக்கலன்னு அவருக்கு யாரும் சொல்லல போல," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அதட்டவுமில்லை. 'போடுடா பெட்டிய' என்று சொல்வது பெல்மிரோவின் கடமை. அவர் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் நகரத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. அனிபால் ஊரில்தான் இருக்கிறானா என்று மணியக்காரர் நேரில் பார்த்து அன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும். பெல்மிரோ போனபோது தியோலிந்தா முட்டைக்கோஸ் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அனிபால் எங்கம்மா?"

"தேடிக்கோங்க."

அவர் நகராமல் நிற்பதைப் பார்த்து, அவளே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பாதிப் புகைப்படத்தை எடுத்துப் போட்டாள். அனிபாலின் முகம், மூக்குக்கு நேராகக் கிழிக்கப்பட்டிருந்தது. மறுபாதி எங்கே என்று அந்த எல்லையோரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அது போகிறவனோடு போகும். பிரான்ஸ் போய்ச் சேர்ந்ததும் தபாலில் திரும்பி வரும். இரண்டும் பொருந்தினால் ஆள் பத்திரம்.

"எப்பப் போனான்?"

"முந்தாநேத்து."

அப்படியென்றால் பையன் இன்னும் ஸ்பெயின் மலைகளில், பனியில் நடந்துகொண்டிருப்பான். 'ஊரில் இல்லை' என்று இவர் இரண்டு வார்த்தை எழுதினால் போதும். நகரத்திலிருந்து ஒரு தொலைபேசி போகும், ஸ்பெயின் போலீஸ் அமுக்கிப் பிடித்துத் திருப்பி அனுப்பும். நேராக ஆப்பிரிக்காவுக்குக் கப்பல்தான்.

"பொய் எழுதினா என் வேலை போயிடும். ஜெயிலுக்குக்கூடப் போகணும்."

"உண்மையவே எழுதுங்க. நான் உங்களக் கெஞ்சலியே."

பெல்மிரோ உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். ஒன்பது வருஷமாக அவர் கூட்டிப்போய் விட்ட பையன்களில் நாலு பேர் திரும்பவில்லை. அந்த நாலு பேருக்கும் அவர் வாணம் விட்டிருந்தார். அதை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவழியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்தினார்.

"என்ன எழுதினீங்க? எனக்குப் படிக்கத் தெரியாது."

"'அனிபாலை இன்று நேரில் பார்த்தேன். கடும் காய்ச்சலில் படுத்திருக்கிறான். மூன்று வாரம் எழுந்து நடமாட முடியாது.'" அவர் பேனாவை மூடினார். "இந்தக் காகிதம் மூணு வாரம் தாங்கும்மா. அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவான்."

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் அவர் எழுதிய முதல் பொய். மறைப்பானேன், ஒரு நன்றியாவது வரும் என்று மனசு எதிர்பார்த்தது.

தியோலிந்தா முத்திரையின் ஈரம் காயும்வரை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காய்ச்சல செஃபெரினோவுக்கும் எழுதியிருக்கலாமே, மணியக்காரரே," என்றாள்.