வெள்ளிக்கிழமை போன உறுதிகள்

காலை பத்து மணிக்குள் ஜெசிதா நாற்பது பழைய காணி உறுதிப் பத்திரங்களை ஸ்கான் செய்து முடித்திருந்தாள். கொக்குவிலில், மதில் கட்டிய ஒரு வீட்டின் முன்கூடம்தான் அலுவலகம். ஸ்கான் செய்த படங்கள் கொழும்பு நிறுவனமொன்றின் சேவர் கணினிக்குப் போகவேண்டும். அனுப்புகிறவரின் இரகசியக் கீ சரியாக இருந்தால்தான் சேவர் உள்ளே விடும். கூடச் சரிபார்ப்பு எண்ணும் போனால், அதுவும் பொருந்தவேண்டும். வழியில் படம் கொஞ்சம் பழுதானாலும் திருப்பி அனுப்பிவிடும். எண் போடாமல் அனுப்பினால் பழுதானதையும் வாங்கிக்கொள்ளும்.

முகாமையாளர் தில்லைநாதன் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை போன இருநூற்றிப் பன்னிரண்டு உறுதியின்ரை படமும் பாதி வெறும் சாம்பல் நிறமாய்க் கிடக்குதாம். ஆற்றை கீயிலை போனது?"

"என்ரை கீதான் சேர். ஆனா நான் அண்டைக்கு லீவு. யாகப்பர் கோயில் பெருநாள்."

"கீ உம்மடை. பிறகென்ன கதை?"

இந்த மாதம்தான் அவளுடைய வேலை நிரந்தரமாக்கப்பட இருந்தது. வெள்ளிக்கிழமை அனுப்பியவன் பக்கத்து மேசைக் கஜானன்; அவனுக்கென்று கீ இல்லை. இணைய லைன் இழுபட்டுப் படங்கள் திரும்பித் திரும்பி வந்ததாம். சரிபார்ப்பையே நிறுத்தச் சொல்லிவிட்டாராம் சேர். சனிக்கிழமை அவனே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது.

"கஜன், சரிபார்ப்பை நிப்பாட்டச் சொன்னது ஆரெண்டு சொல்லும்."

"எனக்கு உதுகள் தெரியாது ஜெசி." அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் பொங்கியது. கைபேசியில் அலுவலக வைபர் குழுவைத் திறந்தாள். 'கீயை உடனை அனுப்பும், வேலை நிக்குது' என்று வெள்ளிக்கிழமை தில்லைநாதன் எழுதியது அங்கே இருக்கவேண்டும். அது இருந்த இடத்தில், செய்தி அழிக்கப்பட்டது என்ற ஒரு வரிதான் இருந்தது. அதன் கீழே, பெருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலக் கூட்டத்துக்குள் நின்று அவள் அவசரமாகத் தட்டிய கீ மட்டும் அப்படியே கிடந்தது.

"பாத்தீரே? கீயைக் குழுவிலை போட்டிருக்கிறீர். ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாதெண்டு ஒப்பந்தத்திலை கிடக்கு."

"நீங்கள்தானே சேர் கேட்டனீங்கள்!"

"எங்கை, காட்டும் பாப்பம்."

அவள் செய்தி அழிக்கப்பட்ட வரியை நீட்டினாள். அவர் மேசை லாச்சியைத் திறந்து வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து வைத்தார். அதில் நேற்றைய திகதி போட்டிருந்தது. அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகிவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே பேசுவது கேட்டது.

"சேர், இண்டையான் உறுதியளை எந்தக் கீயிலை அனுப்பிறது?"

"புதுக் கீ வர ரெண்டு நாள் செல்லும். அதுவரைக்கும் ஜெசிதாவின்ரை கீயிலையே அனுப்பும்."

"சரிபார்ப்பு?"

"அதை இப்ப போடாதையும். லைன் இழுக்குது."

திறந்திருந்த யன்னலால் கஜானனின் திரை தெரிந்தது. அனுப்புபவர்: ஜெசிதா சந்தியோகு. பக்கத்தில் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தது.